நிதானத் திலகமும் வாசல் பூட்டும்

மனிதர்களில் நிதானத் திலகம் என்று ஓர் இனம் உண்டு. தேடி அலைய வேண்டாம். "எனக்கெல்லாம் டென்ஷனே கிடையாதுப்பா!" என்று அடுத்த தெருவுக்குக் கேட்கிற மாதிரி அதுவே கத்தும்.

கத்தும்போது கையைப் பாருங்கள். பேனா மூடியைக் கடித்துத் துப்பி, லிஃப்ட் பொத்தானை நாலு பேருக்கும் சேர்த்துக் குத்தி, ஃபிரிட்ஜைத் திறந்து, எதற்குத் திறந்தோம் என்று உள்ளே இருக்கிற முட்டைகளை முறைத்து, மூடி, மறுபடி திறந்து... இத்தனைக்கும் நடுவே ஊரில் யாருக்கு டென்ஷன் என்று பரிசோதனை வேறு! கொட்டாவி விட்டால் டென்ஷனின் அறிகுறி. விடாவிட்டால்? அடக்குகிறீர்கள், அது முற்றிய கேஸ்.

எங்கள் அலுவலக மேலாளர் இந்த இனத்தின் சுத்தமான வார்ப்பு. மன நிம்மதிக்காகத் தம் வீட்டு வாசல் கதவுக்கு வெளியே, குழந்தைத் தலை அளவில் தனியாக ஒரு பூட்டுப் போட்டிருக்கிறார். கிளம்பும்போது பூட்டுவார், இழுப்பார், படியிறங்குவார், திரும்ப ஏறி வந்து இழுப்பார். பாவம், கொண்டி.

அன்று அவர் மகளுக்கு நேர்முகத் தேர்வு. எங்கெங்கோ அலைந்து சலித்த பிறகு, ஒரு மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்திலிருந்து வந்த அழைப்பு. தவறினால் மறுபடி எப்போதோ, யாருக்குத் தெரியும்? அந்தப் பெண் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"டென்ஷன் ஆகாதம்மா!"

"ஆகலப்பா."

"ஆகலன்னு சொல்றதே டென்ஷன்தான்!"

சான்றிதழ் ஃபைலை அவரே பிடுங்கிக்கொண்டுபோய் வண்டியின் பின்சீட்டில் வைத்தார். திரும்ப மேலே வந்து, "ஏறு, ஏறு!" என்று வாசலிலிருந்தே குரல் கொடுத்து, பழக்கதோஷத்தில் கை பூட்ட, இழுத்துப் பார்த்து, பரம திருப்தியோடு இறங்கி வண்டியைக் கிளப்பினார். மகள் உள்ளே செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். அவள் அம்மாவும் உள்ளேதான்.

வழியெல்லாம் பின்சீட்டுக்கு உபதேசம். பதிலே இல்லை. "பேச்சே வரல பாரு, இதான் முதல் அறிகுறி. மூச்சை நல்லா இழு." ஃபைல் மூச்சு இழுக்கவில்லை. போன் அலறியது, நின்றது, மறுபடி அலறியது. "உங்கம்மாதான். அவளுக்கு எப்பவும் டென்ஷன். வண்டி ஓட்டும்போது நான் எடுக்க மாட்டேன்."

மருத்துவமனை வாசலில் பின்கதவைத் திறந்தார். முகத்தில் ஈயாடவில்லை. குனிந்து சீட்டுக்கு அடியிலும் பார்த்தாராம்! பிறகுதான் போனை எடுத்தார்.

"அப்பா, பக்கத்து வீட்டுத் தச்சர் மாமா கொண்டியைக் கழட்டிட்டாரு. டாக்ஸியில வந்துட்டிருக்கேன். ஃபைல் உங்ககிட்ட இருக்கு. நீங்க தயவுசெஞ்சு அங்கேயே நில்லுங்க. அசையாதீங்க."

உலகத்தில் அவரால் முடியாத ஒரே காரியம் அது. ஆனாலும் நின்றார். ஃபைலைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு, போகிற வருகிறவர்களிடமெல்லாம் "எனக்கு டென்ஷன் இல்ல" என்று சொல்லிக்கொண்டு நின்றார். காவலாளி பயந்துபோய் நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

அவள் பெயரைக் கூப்பிடும்போதே டாக்ஸியும் வந்து நின்றது. ஃபைலை வாங்கப் பார்த்தாள். வரவில்லை, அவர் விரல்கள் அப்படி இறுகியிருந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள்.

"பயமா இருக்காப்பா?"

"...ஆமாம்மா."

ஆயுளில் முதல் உண்மை! அவர் கையை ஒரு தரம் அழுத்திவிட்டு அவள் உள்ளே ஓடினாள்.

மறுநாள் அலுவலகத்தில் இந்தக் கதையை எங்களுக்குச் சொன்னவர் அவரேதான். எதற்கு? தம் நிதானத்துக்குச் சான்றாக! "வேற யாராயிருந்தாலும் பதறியிருப்பான்பா!" அந்த "ஆமாம்மா"வை மட்டும் மெல்லிய குரலில் சொன்னார். சொல்லிவிட்டு எதற்கோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வேலை கிடைத்ததா என்கிறீர்களா? கிடைத்தது, கிடைத்தது. அதைத் தெரிந்துகொள்ளும்வரை தோள்பட்டையைக் காதுவரை தூக்கி வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டுதானே படித்தீர்கள்? இறக்குங்கள். உங்களுக்கெல்லாம் டென்ஷனே கிடையாது, தெரியும். எதற்கும் வெளியே கிளம்பும்போது, பூட்டை இழுத்துப் பார்ப்பதற்கு முன்னால் வீட்டில் யாரார் இருக்கிறார்கள் என்று ஒரு குரல் கொடுத்துவிடுங்கள். பதில் வரும்வரை நில்லுங்கள்.