சம்பந்தி அம்மாளும் சிங்கமும்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இப்படி அழைக்கும் உரிமை எனக்கு இன்னும் இருக்கிறதா என்று தெரியாததால், அந்தச் சொல்லை இரண்டு முறை அடித்துவிட்டு மறுபடி எழுதியிருக்கிறேன். இங்கே நாங்கள் நலம். அங்கே அனைவரும் நலமாக இருப்பதைவிடக் கோபமில்லாமல் இருக்க வேண்டும் என்பதே இப்போது என் வேண்டுதல்.

ஞாயிற்றுக்கிழமை தங்களுக்கு ஆலையில் வேலை இருந்ததால் நடந்ததை நேரில் பார்க்கவில்லை. வீட்டில் என்ன சொன்னார்களோ, நானே உள்ளதை உள்ளபடி எழுதிவிடுகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் இரு குடும்பமும் கொஞ்சம் பழகட்டும் என்று வனவிலங்குப் பூங்காவுக்கு அழைத்தது நான்தான். காரில் இருந்தபடியே விலங்குகள் நடுவே போய்வரலாம், ஆபத்தே இல்லை என்று சொன்னதும் நான்தான். மரியாதைக்காகத் தங்கள் துணைவியாரை முன் இருக்கையில் அமர்த்தினேன். பின்னால் ஒரு ஓரம் மாப்பிள்ளை, மறு ஓரம் என் மகள், நடுவில் மதில்சுவர் மாதிரி என் மனைவி.

கண்ணாடியை இறக்கக் கூடாது என்று நுழைவாயிலிலேயே பலகை வைத்திருக்கிறார்கள். ஆனால் என் கார் ஏசியில் சத்தம் மட்டும்தான் வரும், காற்று வராது. "சம்பந்தி, மூச்சு முட்டுது. கண்ணாடிய ஒரு விரக்கடை இறக்குங்களேன்" என்றார் சம்பந்தி அம்மா. பெண்ணைப் பெற்றவன் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? பித்தானைத் தொட்டேன். விரற்கடையில் நிற்காமல் பாதி வரைக்கும் இறங்கிவிட்டது. உடனே ஒரு நெருப்புக்கோழி கழுத்தை உள்ளே நீட்டி, பெண் பார்க்க வந்ததுபோல ஒவ்வொருவர் முகத்தையும் நிதானமாகப் பார்த்துவிட்டு, அம்மாவின் மூக்குக்கண்ணாடியைக் கொத்திக்கொண்டு நடந்துவிட்டது. காரின் கண்ணாடியை இறக்கப்போய் முகத்தின் கண்ணாடி போயிற்று. பிடிக்கலாமென்று கதவைத் தொட்டால், "வெள்ளைக் கார்! இறங்காதீங்க!" என்று ஒலிபெருக்கியில் கத்தினார்கள். எப்படியோ இழுத்துப் பிடித்து மூடினோம். ஒருவழிப் பாதை, பின்னால் வரிசையாகக் கார்கள், திரும்பவும் முடியாது. அடுத்த கதவு திறந்தது. சிங்கப் பகுதி.

வளைவில் ஒரு சிங்கம் பாதையை அடைத்துப் படுத்திருந்தது. பிரேக்கை மிதித்தேன். கண்ணாடி இல்லாத அம்மாவுக்குக் கைக்கெட்டும் தூரத்துக்கு அப்பால் எல்லாமே புகைமூட்டம். "ஏன் நின்னுட்டீங்க? வழியில என்ன, கன்னுக்குட்டியா?" என்றார். பயந்துவிடப்போகிறாரே என்று நானும் "ஆமாங்க" என்றுவிட்டேன். அது பொய்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் உடனே குறுக்கே எட்டி ஹாரனை அழுத்துவார் என்று கனவிலா கண்டேன்?

சிங்கம் எழுந்தது. வந்தது. முன்னங்கால் இரண்டையும் பானெட்மேல் வைத்தது. கிளட்சிலிருந்து என் கால் நழுவி இன்ஜின் அணைந்தது. மாப்பிள்ளை பயந்தார் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அவர் இருக்கைக்குக் கீழே குனிந்து எதையோ தேடினார். சிங்கம் போகிறவரைக்கும் தேடினார். விபத்தான கார்களுக்குச் சேதம் கணக்கிடுகிறவர் அல்லவா, அங்கிருந்தே அக்கறையாக, "மாமா, சிங்கம் ஏறுனா இன்சூரன்ஸ்ல வராது மாமா" என்றார். அதற்கு என் மகள் சிரித்துத் தொலைத்தாள். அது கேலி இல்லை சம்பந்தி, பயத்தில் வருகிற சிரிப்பு. சின்ன வயதில் ஊசி போடும்போதும் இப்படித்தான் சிரித்து டாக்டரிடம் திட்டு வாங்குவாள்.

அசராதிருந்தவர் தங்கள் துணைவியார் ஒருவர்தான். முன்கண்ணாடியில் உள்ளங்கையால் பட்பட்டென்று அடித்து, "ஏய், போ அந்தப் பக்கம்! யார் வீட்டு மாடு இது, கட்டிப்போட மாட்டாங்களா?" என்று அதட்டினார். அந்த அதட்டல் தங்களுக்குப் பழகியிருக்கும். சிங்கத்துக்குப் புதிது. கொஞ்ச நேரம் அவரையே பார்த்தது, காலை இறக்கியது, வாலைத் தாழ்த்திக்கொண்டு புதருக்குள் போய்விட்டது.

இதோடு முடிந்திருக்கும். வெளிக்கதவு தாண்டியதும் என் மனைவி, "அப்பாடா, சிங்கம் போயிடுச்சு" என்று பெருமூச்சு விட்டாள். "எந்தச் சிங்கம்?" என்றார் அம்மா. நான் தேவையே இல்லாமல் ஹாரனை அழுத்தினேன். அதற்கப்புறம் தங்கள் வீடு வரும்வரை அவர் வாய் திறக்கவில்லை. இறங்கினார், திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார். பின்னாலேயே மாப்பிள்ளையும்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. மகளோ தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். "உங்க வாயால கெட்டுது" என்கிறாள் என் மனைவி. புதுக் கண்ணாடி என் பொறுப்பு. எதற்கானாலும் என்னைத் திட்டுங்கள், பொறுத்துக்கொள்கிறேன். கல்யாணத்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

தங்கள் இல்லத்தில் எல்லா நலமும் பெருகட்டும். அம்மாவுக்கு என் பணிவான வணக்கம். மாப்பிள்ளைக்கு, ஏற்றுக்கொள்வாரானால், என் ஆசிகள்.

இப்படிக்கு,
இன்னமும் தங்கள் சம்பந்தி என்றே நம்பிக்கொண்டிருக்கும்
பெண்ணின் தகப்பன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போன நேரத்தில் தங்கள் துணைவியாரே வந்துவிட்டார்! எங்கள் சமையலறையில் உட்கார்ந்து பக்கத்து வீட்டுக்காரிக்குச் சிங்கத்தை விரட்டிய கதை சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆரம்பிக்கும்போது ஒன்றாக இருந்த சிங்கம் இப்போது குட்டிகளோடு சேர்த்து நாலாகிவிட்டது. பிள்ளைகள் இருவரும் ஒருநாள் விடாமல் போனில் பேசிச் சிரிக்கிறார்களாம், எனக்குத்தான் ஒருவரும் சொல்லவில்லை. ஆகவே மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். ஆனால் அம்மாவுக்கு வருகிற ஞாயிறு தன் தங்கைகளையும் கூட்டிக்கொண்டு புலிப் பகுதிக்குப் போகணுமாம், "சம்பந்திதான் ஓட்டணும்" என்கிறார். எப்பாடு பட்டாவது தடுத்துவிடுங்கள். வேறு வழியே இல்லையென்றால் கல்யாணத்தை நிறுத்திவிடுங்கள், நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.