வரிசைப் பொறுப்பாளர்

கடல் எல்லாரையும் சமமாக்கிவிட்டது என்று பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். மறுநாள் பகல், முகாமாகிவிட்ட பாடசாலையில் சோற்றுப் பார்சல் கொடுக்கத் தொடங்கும்வரை அது உண்மையாகத்தான் இருந்தது.

கல்முனையில் அரிசி ஆலை வைத்திருந்த ஷரிபுதீன் ஹாஜியாருக்கு அலை மிச்சம் வைத்தது மனைவி ஸுலைஹாவையும் இடுப்புச் சாரனையும்தான். பசி வயிற்றைப் பிடுங்கியது. ஆனால் வரிசையின் கடைசியில் நின்றவன் மீன்கார அபுல் ஹஸன். இருபது வருசமாக ஹாஜியார் வீட்டுப் பின்கதவால் மீன் கொடுத்தவன். அவனுக்குப் பின்னால் போய் நிற்பதா?

“முன்னுக்கு வாங்க, ஹாஜியார்,” என்று அவன் விலகி இடம் விட்டான்.

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

“நான் சோத்துக்கு வரல்ல மகன். வரிசை ஒழுங்காப் போகுதா எண்டு பார்க்க வந்தன்.”

சொல்லிவிட்டால் பார்க்கத்தானே வேண்டும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார். கறி போதவில்லை என்று ஒருத்தி அவரிடமே முறையிட்டாள், விசாரிப்பதாக வாக்களித்தார். பார்த்துக்கொண்டிருந்த நிவாரண எழுதுவினைஞர் சதீஸ், ஒரு கொப்பியும் பேனையும் கொடுத்து அவரையே வரிசைப் பொறுப்பாளராக்கினார். பொறுப்பாளர் வீட்டுக்குப் பார்சல் இல்லை என்று ஒரு விதி இருந்தது. ஹாஜியார் பெருந்தன்மையாக அதற்கும் கையொப்பம் வைத்தார்.

பின்னேரம் ஸுலைஹா ஒரு பீங்கானில் சோறு கொண்டுவந்தாள். சம்மாந்துறையிலிருந்து அவருடைய தங்கச்சி அனுப்பியதாம். இனி ஒவ்வொரு நாளும் வருமாம்.

ஹாஜியார் அதை நாலு பேர் பார்க்க உட்கார்ந்து சாப்பிட்டார். “கேம்ப் சோறு நமக்குச் செமிக்காது,” என்று கேட்காதவர்களுக்கும் விளக்கினார்.

வயிறு நிறைய நிறைய நிர்வாகமும் இறுகியது. ஐந்தாம் நாள் ஒரு களவைப் பிடித்தார். அபுல் ஹஸன் வீட்டில் ஐந்து பேர். அவன் எடுப்பது ஏழு பார்சல்.

“மத்த ரெண்டும் ஆருக்குடா?”

அவன் நிலத்தைப் பார்த்தான். “விடுங்க ஹாஜியார்,” என்றான்.

ஸுலைஹா ஓடிவந்து ஹாஜியாரின் கையைப் பிடித்து இழுத்தாள். நிர்வாகத்தில் பெண்களுக்கு என்ன வேலை என்று உதறினார். வரிசை கலைந்து வட்டமானது. இந்த மாதிரி ஆட்களுக்குக் கொஞ்சம் இடம் கொடுத்தால் இப்படித்தான் என்று ஒரு சின்னப் பிரசங்கமும் நடத்தி முடித்து, சதீஸிடம் குடும்பவாரியாகப் பெயர் பதிந்த இடாப்பை எடுக்கச் சொன்னார்.

“வாசிக்கத்தான் வேணுமா, ஹாஜியார்?”

“சத்தமா வாசிங்க. எல்லாரும் கேக்கட்டும்.”

சதீஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்.

“ஆறு, ஸுலைஹா. ஏழு, ஷரிபுதீன். வயது அறுபத்திரண்டு. தொழில் இல்லை. அபுல் ஹஸனில் தங்கிவாழ்பவர்.”