நீலக் கூடையும் நானூற்றுப் பன்னிரண்டு முகங்களும்

எழுத்தாளன் மனிதர்களைப் பார்த்து எழுதிய இருண்ட காலம், கெய்ரோவின் ஷுப்ரா பகுதியில், ஒரு நான்காம் மாடியில் முடிவுக்கு வந்தது. அன்றுதான் நாவலாசிரியர் ஷவ்கத் மர்ஸூக் தம் கதாநாயகியின் முகத்தைச் செயற்கை நுண்ணறிவிடம் ஒப்படைத்தார்.

அதற்குக் காரணம் பதிப்பாளர் நஜ்வா. "உஸ்தாத், முந்நூறு பக்கம் எழுதியும் உங்க ரொட்டிக்காரிக்கு முகமே இல்ல. வியாழக்கிழமைக்குள்ள அவளுக்கு உயிர் வரலேன்னா நாவலும் வராது" என்று போனை வைத்துவிட்டார்.

கதாநாயகிக்கு முன்மாதிரி, கீழே வாசலில் ரொட்டி சுட்டு விற்கும் உம்மு இமாத். எட்டு ஆண்டுகளாக ஷவ்கத் பால்கனியிலிருந்து நீலக் கூடையைக் கயிற்றில் இறக்குவார். ரொட்டி ஏறி வரும். காய்கறியும் சிகரெட்டும்கூட அப்படித்தான். தெருவில் இறங்கினால் கற்பனை கெட்டுவிடும் என்பது அவர் கொள்கை. மேலிருந்து தெரிந்தது ஒரு கறுப்பு முக்காடு. இதைப் பேட்டிகளில் 'ஆழ்ந்த அவதானிப்பு' என்பார்.

"ஷுப்ராவில் ரொட்டி விற்கும் ஏழைப் பெண், வயது ஐம்பது" என்று இயந்திரத்துக்கு விண்ணப்பித்தார். இருபது வயதுப் பச்சைக்கண் அழகி வந்தாள். பின்னால் பிரமிடு, பக்கத்தில் ஒட்டகம். "ஒட்டகத்தை நீக்கவும்" என்று ஆணையிட்டார். இரண்டு ஒட்டகங்கள் வந்தன.

புதன்கிழமை, நானூற்றுப் பன்னிரண்டாவது முகத்தில் 'போதிய துயரம்' தென்பட்டது. கையில் ஆறு விரல்கள். ரொட்டி கொடுக்க வசதி என்று அனுமதித்தார். படத்தை அச்செடுத்து, நேரடிச் சான்று பெறுவதற்காகக் கூடையில் இறக்கினார்.

"யாரு உஸ்தாத் இது? உங்க மகளா?"

"நீங்கதான் உம்மு இமாத்! என் கதையில வர்ற நீங்க!"

கீழே ஒரே சிரிப்பு. "அடுப்பு முன்னாடி நிக்கிறவளுக்கு இம்புட்டுப் புருவமா! பாவம், சாப்பிட்டு நாளான மாதிரி இருக்கா. அவளுக்கும் ஒண்ணு வெச்சிருக்கேன்."

மேலே ஏறி வந்த கூடையில் ஏழு ரொட்டி இருந்தது.

"நான் கேட்டது அஞ்சுதானே?"

"உங்களுக்கு எப்பவும் ஆறு உஸ்தாத். எண்ணினதே இல்லியா?"

ஷவ்கத் ரொட்டிகளை ஒருமுறை எண்ணினார். பிறகு, கள ஆய்வுக்காக, படியிறங்கினார்.

"யாரு வேணும்?" என்றாள் அடுப்படியில் நின்றவள். புருவம் பொசுங்கித்தான் இருந்தது.

"நான்தான்... நீலக் கூடை."

அவள் மாவுக் கையோடு ஓடி வந்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கால்களைப் பார்த்தாள். கண் கலங்கியது.

"அல்ஹம்துலில்லாஹ்! நடக்கறீங்களே! எட்டு வருஷமா ஒவ்வொரு தொழுகையிலயும் இந்தக் காலுக்காகத்தான் கேட்டேன். எந்த டாக்டர் குணப்படுத்தினாரு?"

"எனக்குக் கால்ல ஒண்ணும் இல்லியே, உம்மு இமாத்."

அவள் கையிலிருந்த மாவை மெதுவாகத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப இத்தனை நாளும் கால் நல்லாத்தான் இருந்துச்சா, உஸ்தாத்?"