இதயத்துக்குச் சீனி ஒதுக்கீடு

இதயத்துக்கு முறைப்படி சீனி ஒதுக்கிய முதல் ஆபீஸ் உலகத்திலேயே எங்களுடையதுதான். அமெரிக்காக்காரன் சந்திரனுக்குப் போன அதே வருஷம், போர்ட் பிளேரில் நாங்கள் இதயத்துக்குள்ளேயே போய்விட்டோம்.

மெயின்லேண்டிலிருந்து வந்திருந்த டாக்டர் பாலசுப்பிரமணியம்தான் காரணம். எங்கள் ஆபீசில் பேசியபோது, "ரத்த அழுத்தம் ஏறினா இதயத் தசைக்கு வேலை கூடும். அப்போ அது ரத்தத்திலேருந்து சர்க்கரையை அதிகமா இழுத்துக்கும்" என்றார். அவர் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் எங்கள் சூப்பிரண்டு சொக்கலிங்கம் எழுந்துவிட்டார்.

"அப்போ பிரஷர் உள்ளவனுக்கு சீனி கோட்டாவைக் கூட்டணும்!"

"ஐயோ, அது ரத்தத்திலே ஏற்கெனவே இருக்கிறது சார். டீயிலே போடுறது இல்லை."

"டாக்டர் சாப், இந்தத் தீவுல அரிசி, தீப்பெட்டி எல்லாமே கப்பல்லதான் வருது. சர்க்கரை மட்டும் ரத்தத்துல தானா முளைச்சிடுமா?"

டாக்டர் இன்னொரு டம்ளர் தண்ணீர் கேட்டார். விஞ்ஞானம் இப்படித்தான் வளர்கிறது.

உடனே 'இதயக் கமிட்டி' அமைந்தது. நானும் உறுப்பினன். பிரஷர் பார்க்கும் நாளன்று அதிகாரிகள் ஆளுக்கொரு கருவாட்டைக் கடித்துக்கொண்டு மரைன் ஹில் மேட்டில் ஓடியே ஏறி வந்தார்கள். பக்கத்து அறைக்குக்கூட ஜீப் கேட்கிறவர்கள்! எல்லாருக்கும் அழுத்தம் 'திருப்திகரமாக' ஏறியிருந்தது.

ஓடாமலே அத்தனை பேரையும் தோற்கடித்தவன் அருள்நாதன். தூத்துக்குடிக்காரன், கப்பல் ஜெட்டியிலிருந்து அதிகாரிகள் குவார்ட்டர்ஸுக்கு மூட்டை சுமக்கும் எங்கள் மஸ்தூர். டாக்டர் தாமாகவே கூப்பிட்டு அவனுக்கும் கையில் பட்டை கட்டிப் பார்த்துவிட்டு, "இவன் இனிமே மூட்டை தூக்கினா செத்துடுவான்" என்றார்.

"எனக்கு சீனி வேண்டாம் சாப். கொஞ்ச நாள் வேலையிலருந்து சுட்டி குடுத்தா போதும். மேடு ஏறுனா நெஞ்ச அடைக்கி" என்றான் அவன்.

கமிட்டி ஆழ்ந்து ஆராய்ந்தது. பிரஷர் என்பது பொறுப்பினால் வருவது. மஸ்தூருக்குப் பொறுப்பு கிடையாது. ஆகவே, 'நான்காம் நிலை ஊழியருக்கு இதயத் தேவை அனுமதிக்கப்படவில்லை' என்று உத்தரவு போட்டோம். வாசகம் அடியேனுடையது. சொக்கலிங்கம் "பஹுத் அச்சா!" என்று முதுகில் தட்டினார்.

அடுத்த கப்பலில் கூடுதல் சீனி வந்தது. அருள்நாதன்தான் சுமந்தான். பாதி மேட்டில் மூட்டையோடு சாய்ந்தவன் எழுந்திருக்கவில்லை. மூட்டை கிழியவில்லை என்பதைக் கமிட்டி நன்றியுடன் பதிவு செய்தது.

அவன் பெண்சாதி ரோசலினுக்குக் 'கருணை அடிப்படையில்' அரைக் கிலோ சீனி கொடுத்தனுப்பினோம். ஜங்லிகாட் குடியிருப்பிலிருந்து நடந்தே வந்தவள், பொட்டலத்தைப் பிரித்துச் சூப்பிரண்டின் மேசையில் கொட்டினாள்.

"அவுக கேட்டது சுட்டி. இத நீங்களே தின்னுங்க. இதயம் ஒங்களுக்குத்தான் இருக்குன்னு உத்தரவு போட்டிருக்கியளே!"

அவள் போட்ட சத்தத்தில் எங்கள் எல்லாருக்கும் அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறிவிட்டது. அவள் படியிறங்கியதும், மேசையில் கிடந்ததை வழித்து டீயில் போட்டுக் குடித்தோம்.

நன்றாகவே இனித்தது.