சொந்தக்காரர் இல்லாத ஊர்

"லீவுல எங்கடா போறீங்க?" என்று ஈப்போவிலிருந்து யோகேஸ்வரி அக்கா கேட்ட நொடியில், திருச்செல்வத்தின் வாய் அவனைக் கேட்காமலேயே பதில் சொல்லிவிட்டது.

"பினாங்குக்கு."

எதிரே உட்கார்ந்திருந்த சாருமதி தலையில் கை வைத்துக்கொண்டாள். அவள் கைப்பேசியில் ஈப்போ ஹோட்டல் ஒன்றின் பக்கம் திறந்திருந்தது. பட்டனை அழுத்துவதுதான் பாக்கி.

"ஈப்போன்னு முடிவு பண்ணிட்டு எதுக்குங்க பினாங்குன்னீங்க?" அவன் போனை வைத்ததும் சீறினாள்.

"ஈப்போன்னா அக்கா விடுவாளா? பினாங்குன்னா அவளால என்ன பண்ண முடியும்?"

அவனுக்குப் பாசிர் கூடாங்கில் ஷிஃப்ட் வேலை. அவள் விடிவதற்குள் பாலம் தாண்டி சிங்கப்பூர் போகிறவள். அவன் செருப்பைக் கழற்றும்போது அவள் மாட்டிக்கொண்டிருப்பாள். ஜொகூர் மாநிலத்து உலு திராமில் அவர்கள் குடித்தனத்தைப் பெரும்பாலும் நடத்தியது ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய மஞ்சள் சீட்டுகள்தான். 'சாம்பார் சூடு பண்ணவும்.' 'நேற்று நீ தூங்கும்போது பார்த்தேன். நன்றாக இருந்தாய்.' கல்யாணமாகி ஏழு வருஷத்தில் முதல் தடவையாக இருவருக்கும் ஒரே மூன்று நாள் விடுமுறை கிடைத்திருந்தது. இதை விட்டால் அடுத்தது எப்போது என்று இரண்டு கம்பெனிக்குமே தெரியாது.

இருவருக்கும் பிடித்த ஊர்கள் இரண்டு. ஈப்போவில் அவன் அக்கா. பினாங்கில் அவளுடைய தாய்மாமா செல்லப்பன். சொந்தக்காரர் இருக்கிற ஊரில் ஹோட்டலில் தங்கினால் அடுத்த மூன்று கல்யாணத்துக்கு முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். வீட்டில் தங்கினாலோ ஹாலில் பிள்ளைகளோடு வரிசையாகப் பாய். விடிந்தால் நாத்தனார் வீடு, நாத்தனாரின் சம்பந்தி வீடு என்று மரியாதைச் சுற்றுலா.

அக்காவால் என்ன பண்ண முடியும் என்பது பத்தே நிமிஷத்தில் தெரிந்தது. சாருமதியின் போன் அடித்தது.

"சாரு! யோகேஸ்வரி இப்பத்தான் சொன்னா!" செல்லப்பன் மாமாவின் குரல் சமையலறை வரை கேட்டது. "மேல் ரூமுக்கு ஏர்கான் மாட்ட ஆளு வரச் சொல்லிட்டேன். எத்தனை மணிக்கு வர்றீங்க?"

சாருமதி திருச்செல்வத்தைப் பார்த்து முறைத்தாள். "மாமா, அது... பழைய பிளான் மாமா. மாத்திட்டோம். ஈப்போதான் போறோம்."

திருச்செல்வம் டீயில் நனைத்துக்கொண்டிருந்த பிஸ்கட் முறிந்து உள்ளே முழுகியது.

"ஏன்டி!"

"வாயில வந்துருச்சுங்க!"

அடுத்து அக்கா. டீயைத் தள்ளி வைத்துவிட்டு அழைப்பை எடுத்தான்.

"அடப்பாவி! எங்க ஊருக்கு வர்றதை மறைச்சு சர்ப்ரைஸ் குடுக்கப் பாத்தியா? செல்லப்பன் மாமா எல்லாத்தையும் சொல்லிட்டாரு. மூணு நாளும் நான் லீவு போட்டாச்சு. உன் மச்சானையும் போட வச்சிட்டேன்."

யாருக்கும் மனசு நோகக் கூடாதென்று திருச்செல்வம், ஒரு நாள் ஈப்போ, ஒரு நாள் பினாங்கு என்று இருவருக்கும் சொன்னான். அன்று சாயங்காலத்துக்குள் 'திரு சாரு டூர்' என்று ஒரு வாட்ஸ்அப் குழு முளைத்தது. பதினாலு பேர். அதில் ஐந்து பேரை அவனுக்கு யாரென்றே தெரியவில்லை. எட்டு மணிக்குக் கோயில், பத்துக்கு நாத்தனார் வீடு என்று அட்டவணையே வந்துவிட்டது.

"நமக்குன்னு கொஞ்ச நேரமாச்சும் இருக்கா, பாருங்க," என்றாள் சாருமதி.

"சனிக்கிழமை மூணுல இருந்து மூணரை வரைக்கும் ஓய்வுன்னு போட்டிருக்கு."

"தனியாவா?"

"மாமா வீட்டு ஹால்ல."

அவள் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்ததும் அவன் குழுவில் தட்டிவிட்டான்: 'லீவு கேன்சல். வர முடியாது. மன்னிக்கவும்.'

இரண்டே விநாடியில் அக்காவிடமிருந்து பதில். 'பரவால்லடா. நாங்கதான் லீவு போட்டாச்சே. நாங்க உலு திராமுக்கு வர்றோம்.'

கீழே செல்லப்பன் மாமா: 'நானும்.'

"அலமாக்!" திருச்செல்வம் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான். "இங்கயே வர்றாங்க சாரு!"

"நாம இங்க இல்லன்னு சொல்லுங்க!"

"பின்ன எங்க இருக்கோமாம்?"

"சொந்தக்காரங்க யாரும் இல்லாத ஊரா ஒண்ணு சொல்லுங்க லா!"

இரண்டு பக்கத்துக் குடும்பத்தையும் மனசுக்குள் வரைபடத்தில் வைத்துத் தேடினார்கள். தீபகற்பம் முழுக்க ஆள் இருந்தது. கடைசியில் கடலைத் தாண்ட வேண்டியதாயிற்று. 'கம்பெனி அவசரமா சரவாக்குக்கு அனுப்புது. பிந்துலு. மூணு நாள். சாருவும் கூட வர்றா.'

 பிறகு அக்கா எழுதினாள்: 'சரிடா. பத்திரமா போயிட்டு வாங்க.' மாமா ஒரு கும்பிடு அனுப்பினார்.

அவ்வளவுதான். அக்கா இத்தனை சுலபமாக விட்டுக்கொடுத்தது அவன் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

இனி ஈப்போவும் இல்லை, பினாங்கும் இல்லை. லீவின் முதல் நாள் மூட்டையைக் கட்டிக்கொண்டு, வாடகைக் காரில் முகமூடியோடு ஏறி, நாற்பது நிமிஷத்தில் ஜொகூர் பாரு கடற்கரை ஹோட்டல் ஒன்றில் இறங்கினார்கள். சொந்த ஊரில் அவர்களை யார் தேடப் போகிறார்கள்?

அறையின் பெரிய ஜன்னலுக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூர் தெரிந்தது. "ஆபீஸ் தெரியுதுங்க, திரையை மூடுங்க," என்றாள் சாருமதி. மூடினான். அன்றைக்கு அவர்கள் பேசியதை எழுத வேண்டுமென்றால் ஃப்ரிட்ஜ் கதவு போதாது.

மறுநாள் காலை, அவள் குளித்துக்கொண்டிருக்க, அவன் மட்டும் பசியாறக் கீழே உணவகத்துக்கு இறங்கி வந்தான். நாசி லெமாக் சோற்றுக்கான சம்பல் கரண்டிக்குக் கை நீட்டியபோது இன்னொரு கை மோதியது. நிமிர்ந்தான்.

கறுப்புக் கண்ணாடி. ஜீன்ஸ். யோகேஸ்வரி அக்கா.

கரண்டி தொப்பென்று சம்பலுக்குள் விழுந்தது.

"நீ... பிந்துலு..." என்றாள் அக்கா.

"நீ... ஈப்போ..." என்றான் அவன்.

அதற்கு மேல் அவனால் தாங்க முடியவில்லை. "மன்னிச்சிரு அக்கா. எல்லாம் பொய். உனக்குச் சந்தேகம் வந்து, தம்பியைத் தேடிக்கிட்டு ஈப்போவுல இருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கியே..." 

அக்கா சம்பலுக்குள் விழுந்த கரண்டியை எடுக்கக் குனிந்தாள். அவளுக்குப் பின்னால் தர்பூசணித் தட்டோடு நின்ற அவள் கணவர் தங்கராஜு, மெதுவாகத் தொண்டையைச் செருமினார்.

"தேடியெல்லாம் வரல மாப்ள. ஒரு தடவையாச்சும் உங்க வீட்டு ஹால்ல படுக்காம ஜொகூரைப் பாக்கணும்னு, நீங்க ஊர்ல இல்லாத நாளுக்காக நாங்க ஏழு வருஷமா காத்துக்கிட்டிருந்தோம்."