காய் விட ஒரு பட்டன்

"காய் விடுறதுக்கு ஒரு பட்டன் வேணும்ங்கிறாக, தாயி," என்றாள் கனகலட்சுமி, தான் படித்த பள்ளிக்கூடத்துக்கே இப்போது தாளாளர்.

செல்லூரில் மாடியறை ஒன்றில் சாப்ட்வேர் அலுவலகம் நடத்தும் பவதாரிணி, கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். முதலில் கேட்டது பெயர், ஊர், போன் நம்பர் மட்டும்தான். தொண்ணூற்றாறில் கனகலட்சுமியோடு பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் ஒருவரையொருவர் கண்டுபிடிக்க ஓர் ஆப். அது நன்றாக வந்தால் பள்ளிக்கூடத்து கம்ப்யூட்டர் வேலை முழுவதும் பவதாரிணிக்கே என்று பேச்சு.

அவர்களுடைய வாட்ஸப் குரூப்பில் விருமாண்டி என்பவர்தான் ஒவ்வொன்றாகக் கிளப்பிவிட்டார். தினமும் காலையில் ‘உள்ளேன் ஐயா’ அமுக்க வேண்டும் என்றார். செய்து கொடுத்தாள். அமுக்க மறந்த, இப்போது டாக்டராக இருக்கும் ஒருவருக்கு ஆப் ஆப்சென்ட் போட்டது. அவர் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. சரிக்கட்ட லீவு லெட்டர் வசதி வைத்தாள். மறுநாள் வகுப்பு முழுவதற்கும் வயிற்றுவலி. பேசுகிறவர்கள் பெயரைப் போர்டில் எழுத வழி செய்தாள். யார் லீடர் என்று சண்டை மூண்டது.

இப்போது காய். அதையும் வைத்தாள். சாயங்காலத்துக்குள் எல்லோரும் எல்லோரோடும் காய் விட்டுவிட, ஆப்பில் ஒருவர் கண்ணுக்கு இன்னொருவர் தெரியவில்லை. பழம் விடவும் பட்டன் வைத்துப் பார்த்தாள். யார் முதலில் அமுக்குவது என்பதிலேயே அது கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை அத்தனை பேரும் நேரில் அவள் அலுவலகத்துக்கே கிளம்பி வந்துவிட்டார்கள். சண்டைக்குத்தான் வருகிறார்கள் என்று பவதாரிணி மானிட்டரை ஓரமாக நகர்த்தி வைத்தாள். ஆனால் படியேறும்போதே ஒருவர் தொந்தியை இன்னொருவர் தட்ட, சண்டை அங்கேயே நின்றுபோனது. நாற்காலி போதாமல் தரையில் உட்கார்ந்தார்கள். நடுவில் விருமாண்டி. இங்க் பேனாவை முன்பெஞ்சுக்காரன் சட்டையில் உதறியது, வாத்தியார் சைக்கிளில் காற்றைப் பிடுங்கியது, மணியடிக்கிற தண்டவாளத் துண்டை ஒளித்து வைத்தது என்று அவர் சொல்லச் சொல்ல, "ஆமாடா, நானும் கூட இருந்தேன்ல" என்று ஆளாளுக்குச் சத்தியம் செய்தார்கள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

இவர்கள் கேட்டது இதைத்தான் என்று பவதாரிணிக்கு அப்போதுதான் உறைத்தது. ஆப் அருமை, விருமாண்டியையே லீடராகப் போட்டுவிடு என்று கனகலட்சுமி உத்தரவு கொடுத்தாள்.

விவரம் நிரப்ப அவரைத் தனியே அழைத்து, "அண்ணே, நீங்க எந்த செக்‌ஷன்?" என்று கேட்டாள்.

விருமாண்டி குரலைத் தாழ்த்தினார்.

"நான் இந்த ஸ்கூல்லயே படிக்கலம்மா. யாரோ நம்பர மாத்திப் போட்டு என்னையச் சேத்துட்டாக."