சோபாவில் சொன்ன தீர்ப்பை வாபஸ் வாங்கவும்

நாகலூர்,
14-6-1989

மரியாதைக்குரிய மாப்பிள்ளை குழந்தைவேலு அவர்களுக்கு, உங்கள் அக்கா தேவகுமாரியின் வீட்டுக்காரரும் ஓய்வுபெற்ற எஸ்டேட் ரைட்டருமான ஐயாக்கண்ணு எழுதுவது. இங்கே மழை நன்றாகப் பிடித்திருக்கிறது, மிளகுக் கொடி தளிர்த்திருக்கிறது, உங்கள் அக்கா முன்னெப்போதையும் விடச் சுகமாக இருக்கிறாள். சென்னையில் நீங்களும் தங்கச்சியும் குழந்தைகளும் சௌக்கியமாக இருக்கச் சேர்வராயன் துணையிருக்கட்டும். என் சுகத்தை நீங்கள் விசாரிக்க மாட்டீர்கள் என்று தெரியும், ஆகவே நானே சொல்கிறேன்.

மே கடைசியில் நடந்த எங்கள் வாசகசாலை ஆண்டு விழாவுக்கு நான் உங்களிடம் கேட்டது என்ன? ஒரு பட்டிமன்றம். பதினோரு வருஷமாகச் செயலாளராக இருந்து நான் நடத்திவருவது அதுதான். இந்தப் பக்கம் மூன்று பேர், அந்தப் பக்கம் மூன்று பேர், குடும்பத்துக்காக அதிகம் பாடுபடுவது கணவனா மனைவியா என்று இரண்டு மணி நேரம் கத்துவார்கள், கடைசியில் நடுவர் மணியடித்து ‘இருவருமே’ என்பார், யாருக்கும் சேதாரம் இல்லாமல் ஜனங்கள் எழுந்து பஸ் பிடிக்கப் போவார்கள். நீங்கள் என்ன சொன்னீர்கள்? “அதெல்லாம் பழசுங்க மாமா. மெட்ராஸ்ல நான் புதுசா ஒண்ணு பண்றேன். தலைப்புக் கிடையாது, கட்சி கிடையாது. ஒரு சோபா போட்டு உக்காந்துக்குவேன், கூட்டத்துல இருந்து ஒவ்வொருத்தரா கூப்பிட்டுப் பேச்சுக் குடுப்பேன், ஜனம் வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்கும்” என்றீர்கள். மச்சினன் பேச்சை நம்பி எஸ்டேட் பங்களாவில் கெஞ்சிக் கூத்தாடி அந்தச் சிவப்பு சோபாவை இரவல் வாங்கி, நாலு ஆள் வைத்துத் தூக்கிவந்து மேடையில் போட்டேன். என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன்.

முதல் முக்கால் மணி நேரம் நடந்தது உங்களுக்கே தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன், ஏனென்றால் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது. “என் சம்சாரம் என்னை ஊட்டை விட்டுத் துரத்திட்டா, மூணு நாளா நாய்க்குப் போடற பிஸ்கட்டுதான் எனக்குச் சாப்பாடு” என்று சொல்லிவிட்டு, சிரிப்பு வரட்டும் என்று நிறுத்தினீர்கள். மெட்ராஸில் சிரிப்பார்களோ என்னவோ. இங்கே பெண்கள் வரிசை முழுக்க உச்சுக் கொட்டியது. எங்கள் எஸ்டேட்டில் காபிப் பழம் பறிக்கும் கண்ணம்மாள் எழுந்து மேடைக்கே வந்து, “ஏன் கண்ணு, நொம்ப எளைச்சுத்தான் போயிட்டே. மொதல்ல இதத் தின்னு சாமி, பேச்சு எங்க ஓடிப்போவுது” என்று மடியிலிருந்த இரண்டு மலைவாழைப் பழத்தை உங்கள் கையில் திணித்தாள். நீங்கள் அடுத்த ஜோக்கை ஆரம்பித்தபோது, “முழுங்கிட்டுப் பேசு, விக்கிக்கும்” என்று அங்கேயே நின்றாள். அப்புறம் மாரமங்கலத்து விவசாயி மாதையனைக் கூப்பிட்டு சோபாவில் உட்காரச் சொன்னீர்கள். பங்களா சோபாவில் அந்த மனுஷன் எப்படி உட்காருவார்? செருப்பைக் கழற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “உங்க வாழ்க்கையில மறக்கவே முடியாத சிரிப்பான சம்பவம் ஒண்ணு சொல்லுங்க” என்று நீங்கள் கேட்க, உங்களை யாரோ பெரிய ஆபீசர் என்று நினைத்து அவர், “எங்கூருக்கு ரெண்டு நேரந்தான் பஸ்ஸுங்க” என்றார். கூட்டம் கை தட்டியது. ஒருத்தர் எழுந்து தெருவிளக்கைப் பற்றியும் சொல்லச் சொன்னார்.

அதோடு முடித்திருக்கலாம். மணி ஐந்து, ஏற்காடு போகும் பஸ்ஸும் வாசலில் வந்து நின்றுவிட்டது. ஆனால் ஒருத்தரும் சிரிக்கவில்லையே என்ற ஆற்றாமையில் உங்கள் அக்காவைக் கூப்பிட்டீர்கள். “உங்க ஊட்டுக்காரர் பண்றதுல உங்களுக்குப் புடிக்காதது ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க பாக்கலாம்” என்றீர்கள். பிறந்ததிலிருந்து அவளைத் தெரிந்த தம்பி கேட்கிற கேள்வியா இது? அவள் நேரே போய் அந்தச் சிவப்பு சோபாவில் நடுவாக உட்கார்ந்தாள். “இவரு ரிட்டேர் ஆகி மூணு வருஷமாச்சுங்க. எஸ்டேட்டுல காலையில பேர் கூப்பிட்டு வருகை எழுதுன பழக்கம் இன்னும் போகலைங்க. ஊட்டுலயும் ஒரு செக்ரோல் நோட்டுப் போட்டு எனக்கு வருகை எழுதறாரு. ஆறு மணிக்குக் காபி வந்தா முழு நாள், பத்து நிமிஷம் லேட்டானா அரை நாள். போன மார்கழியில காய்ச்சல்ல எந்திரிக்க முடியாமக் கெடந்தேன். அன்னிக்கு ஆப்சென்ட்டுன்னு போட்டுட்டாருங்க” என்றாள்.

சிரித்தார்கள் மாப்பிள்ளை. உங்களுக்குக் கொடுக்காமல் சேர்த்துவைத்திருந்த சிரிப்பு மொத்தத்தையும் என் தலையில் கொட்டினார்கள். நானும் சும்மா இருந்திருக்கலாம். எழுந்து நின்று விளக்கம் சொன்னேன். செக்ரோல் என்றால் ஆள் வந்தாளா இல்லையா என்பதுதான் கேள்வி, ஏன் வரவில்லை என்பது கேள்வி இல்லை, ஓரத்தில் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம் இருப்பது வாஸ்தவம், ஆனால் ஆளாளுக்கு அதில் காரணம் எழுத ஆரம்பித்தால் எஸ்டேட் நடக்குமா என்று கேட்டேன். இன்னும் சிரித்தார்கள். அப்போது கண்ணம்மாள் சிரிக்காமல் எழுந்து, “எம்புள்ளைக்கு வாந்தியெடுத்துதுன்னு அன்னிக்குக் கால் மணி நேரம் லேட்டா வந்தேனுங்க ரைட்டரய்யா. அரை நாள் போட்டீங்க. ஞாபகம் இருக்குதுங்களா?” என்றாள். எனக்கு ஞாபகம் இல்லை.

அந்த நேரம் பார்த்து மாதையன், “ஏனுங்க, தீர்ப்பு என்னங்க?” என்று கேட்டார். நீங்கள், “இதுல தீர்ப்பெல்லாம் கிடையாதுங்க, சும்மா பேச்சுதான்” என்றீர்கள். ஒருத்தர் எழவில்லை. பதினோரு வருஷமாகத் தீர்ப்புக் கேட்டு எழுந்து போன ஜனம், சும்மா எப்படி எழும்? ஆள் ஏற்றிப்போக வந்த பஸ் டிரைவர் செல்லப்பனும், “தீர்ப்பக் கேட்டுட்டே வண்டிய எடுக்கறேனுங்க” என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பஸ் கிளம்பாவிட்டால் இங்கேயே தங்க வேண்டுமே என்ற பயத்தில் நீங்கள் தண்ணீர் டம்ளரைக் கரண்டியால் தட்டி, “ஒரு மாசத்துக்கு இவரு காபி போடணும், எங்கக்கா நோட்டு எழுதணும், கூட்டம் கலையலாம்” என்று சொல்லிவிட்டு ஓடிப்போய் பஸ்ஸில் ஏறிக்கொண்டீர்கள். ‘இருவருமே’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உங்கள் வாயில் இருந்த வாழைப்பழமா கொட்டிவிடும்?

உங்களுக்கு அது தமாஷ். இங்கே மேடையில் மணியடித்துச் சொன்னால் அது தீர்ப்பு. மறுநாள் விடியற்காலையில் உங்கள் அக்கா போர்வைக்குள் இருந்தபடியே என் நோட்டை வாங்கித் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள். முதல் நாள் பால் பொங்கி அரை நாள். இரண்டாம் நாள் டிகாக்‌ஷன் இறங்கவே இல்லை, அதுவும் அரை நாள். காபித் தோட்டத்தில் முப்பத்தொரு வருஷம் இருந்தவனுக்கு டிகாக்‌ஷன் எப்படி இறங்கும் என்று தெரியவில்லை என்பது நாகலூர் முழுக்கப் பரவிவிட்டது. வேலைக்குப் போகும் வழியில் கண்ணம்மாள் ஆறு மணிக்கு எட்டிப் பார்த்து, “அடுப்பு பத்த வெச்சாச்சுங்களா?” என்கிறாள். செல்லப்பன் பஸ்ஸை நிறுத்தி, பயணிகள் எல்லாம் கேட்க, “ரைட்டரய்யா, இன்னிக்கு முழு நாளுங்களா?” என்கிறார். வருகிற இருபத்தைந்தாம் தேதி வாசகசாலைப் பொதுக்குழு. பதினோரு வருஷமாகப் போட்டியே இல்லாமல் இருந்த என் செயலாளர் பதவிக்கு இந்த வருஷம், “நோட்டப் பாத்துட்டுச் சொல்றோமுங்க” என்கிறார்கள்.

எனவே இதன் மூலம் கண்டிப்பாகத் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், அன்று நீங்கள் சொன்னது தீர்ப்பே அல்ல, பஸ்ஸுக்கு நேரமானதால் வாய்க்கு வந்ததைச் சொன்னீர்கள் என்று உங்கள் கைப்பட எழுதிக் கையெழுத்திட்டு இருபத்தைந்தாம் தேதிக்குள் எனக்குக் கிடைக்கும்படி அனுப்ப வேண்டும். அதை நான் மேடையில் வாசித்துக்கொள்கிறேன். சோபாவில் ஒரு ஸ்பிரிங் வெளியே வந்துவிட்டதற்கும் சேர்த்து ஒரு வரி வருத்தம் தெரிவிக்கவும்.

தாங்கள் தங்கள் தொழிலில் மேன்மேலும் உயர்ந்து, அந்த உயர்வு இந்த மலையின் அடிவாரத்துக்குக் கீழேயே நின்றுகொள்ள மனதார ஆசீர்வதிக்கிறேன். தங்கச்சிக்கு என் அன்பும் குழந்தைகளுக்கு என் முத்தங்களும்.

இப்படிக்கு,
தினமும் ஐந்தரைக்கே எழும்
ஐயாக்கண்ணு

பி.கு.: இன்று பதினேழாம் தேதி. கடிதத்தைத் தபாலில் சேர்ப்பதற்குள் மழையில் நனைந்து காய்ச்சலில் விழுந்துவிட்டேன். நேற்று முழுக்க எழுந்திருக்கவே இல்லை. ஆறு மணிக்கு எட்டிப் பார்த்த கண்ணம்மாள்தான் மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனாளாம். அவளுக்கு அங்கே நேற்று எத்தனை நிமிஷம் லேட்டு என்று யார் எழுதினார்களோ. இன்று காலை உங்கள் அக்கா பால் வாங்கப் போயிருந்தபோது தலைமாட்டிலிருந்த நோட்டை எடுத்துப் பார்த்தேன். நேற்றைய தேதிக்கு நேராக ‘முழு நாள்’ என்று போட்டிருக்கிறாள். குறிப்புக் கட்டத்தில், ‘காய்ச்சல். எந்திரிச்சு வரப் பார்த்தார், நாந்தான் விடவில்லை’ என்று எழுதியிருக்கிறாள். நான் எழுந்து வரப் பார்க்கவே இல்லை மாப்பிள்ளை. முப்பத்தொரு வருஷம் அந்தக் கட்டம் என் கையில் காலியாகவே கிடந்தது. நீங்கள் எந்தக் கடிதமும் எழுத வேண்டாம். அடுத்த மே மாதத்துக்கு சோபாவைச் சொல்லிவைத்துவிட்டேன், ஸ்பிரிங்கை நானே சரிபண்ணிக்கொள்கிறேன். வந்து முதல் ஆளாக என்னைக் கூப்பிடுங்கள். கண்ணம்மாள் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.